பாகம் பிரிக்காத எருக்குழி

பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், ஊர் முடிந்து பனைமரங்கள் தொடங்கும் இடத்தில், வலப்புறமாக ஆறு ஏக்கர் மேட்டுக்கொல்லை ஒன்று உண்டு. அதன் நடுவே ஒரு வரப்பு ஓடுகிறது. வரப்புக்கு மேற்கே மூன்று ஏக்கர் தட்சணாமூர்த்திக்கு உரியது. கிழக்கே மூன்று ஏக்கர் அவனுடைய அண்ணன் பக்தவச்சலத்துக்கு உரியது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஊர்ப் பெரியவர்கள் நால்வர் கூடி, கயிறு பிடித்து அளந்து, கல் நட்டுப் பிரித்துக் கொடுத்த பாகம் அது. கிணற்றைப் பிரிக்க இயலாமையால் ஆளுக்கொரு நாள் தண்ணீர் முறை வைத்தார்கள். பம்புசெட்டு அறைக் கதவின் சங்கிலியில் இரண்டு பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்து மாட்டினார்கள். எவர் தம் பூட்டைத் திறந்தாலும் கதவு திறக்கும். வேப்பமரத்தடியில் இருந்த எருக்குழியை மட்டும் எவரும் பேச்சில் எடுக்கவில்லை. சாணத்துக்கும் குப்பைக்கும் எதற்குப் பாகம் என்று விட்டுவிட்டார்கள். இரு வீட்டாரும் அதில் கொட்டினார்கள். ஆடி மாதம் வந்தால் இரு வீட்டாரும் பாதிப் பாதியாக வாரிக்கொண்டார்கள்.

ஆவணி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. மேற்குக் கொல்லையில் தட்சணாமூர்த்தியின் மனைவி வைஜெயந்தி கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த நிலத்தில் பங்குனிக்குப் பிறகு பயிர் என்று ஒன்றும் இல்லை. சொட்டுநீர்க் குழாய்கள் சுருட்டப்பட்டு ஓரமாகக் கிடந்தன. காலையில் வெயில் கடுமையாக இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கடற்காற்று எழுந்து, பனையோலைகளைச் சலசலக்கச் செய்தது. அந்தக் காற்று வரும் நேரமே அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம். வைஜெயந்தி தூக்குவாளியைத் திறந்து, கேழ்வரகுக் கூழில் மோரை ஊற்றிக் கரைத்தாள். சுட்ட நெத்திலிக் கருவாட்டைத் தாளில் பிரித்து வைத்தாள். தட்சணாமூர்த்தி வண்டியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்தான். பாதிச் சொம்பு கூழ் உள்ளே போகும்வரை அவன் வாய் திறக்கவில்லை. அவன் எதையோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்பதை அவள் அதிலிருந்தே தெரிந்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழம கன்னு வருது" என்றான்.

"இன்னா கன்னு?"

"சவுக்குக் கன்னுதான். இடையஞ்சாவடி பக்கம் நர்சரியில சொல்லிட்டு வந்துட்டேன். மூணு ஏக்கருக்கும்."

"ஒரு வார்த்த கேக்காம சொல்லிட்டு வந்துட்டீங்களா?"

"கேட்டா நீ உளுந்துன்னுவ. போட்டோமே தையில, நாலாம் வருஷம், ஓரமா அரை ஏக்கர். புடுங்க ஆள் வந்துச்சா? பாதி கொல்லையிலயே வெடிச்சிக் கொட்டுச்சி. புறா துன்னுட்டுப் போச்சி."

"மல்லாட்ட போடலாம்ல?" என்று நிலக்கடலைக்கு மாறினாள்.

"போடு. காட்டுப்பன்னி உனக்கு மால போடும். ராத்திரி காவலுக்கு நீ போறியா, நான் போறனா?"

"எள்ளு?"

"எள்ளு அறுத்துக் கட்டி நிறுத்துற அன்னைக்குத்தான் மழ வரும். அதுக்குன்னே காத்துனு இருக்கும். தக்கப்பூண்டு வெதச்சி பசுந்தாளா மடக்கி உழுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. மண்ணு துன்னும். நாம இன்னா துன்றது?"

அவன் கூறியவற்றில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது. பாகம் பிரியும் முன் அந்த ஆறு ஏக்கரில் தர்பூசணி ஒரு மூலையில்தான் இருக்கும். ஆண்டுக்கு ஒரு மூலையாக அது இடம் மாறும். மற்றவற்றில் மல்லாட்டையோ உளுந்தோ கேழ்வரகோ இருக்கும். மாமனார் அதை ஆழ்ந்து யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. அன்றைய மோட்டாருக்குத் தண்ணீர் அவ்வளவு தூரந்தான் பாய்ந்தது. பாகம் பிரிந்ததும் மூன்று ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க வேண்டியதாயிற்று. மூன்று ஏக்கரில் ஒரு குடும்பத்தைப் பிழைக்க வைத்த பயிர் தர்பூசணி ஒன்றே. ஆகவே ஒவ்வொரு மார்கழியிலும் அதே மண்ணில் அதே விதையை ஊன்றினார்கள். ஆறாம் ஆண்டு சில கொடிகள் வாடின. ஏழாம் ஆண்டான சென்ற பங்குனியில், காய் தேங்காய் அளவு ஆகும் நேரத்தில், உச்சிவெயிலில் கொடிகள் வரிசை வரிசையாகப் படுத்தன. மாலையில் எழும் என்று தண்ணீர் விட்டார்கள். எழவில்லை. பாதிக் கொல்லை போயிற்று.

"சவுக்கு வச்சா நாலு வருஷம் திரும்பிப் பாக்க வேணாம். மண்ணுக்கும் ஆறுதலு, நமக்கும் ஆறுதலு" என்றான் தட்சணாமூர்த்தி.

"நாலு வருஷம் சோத்துக்கு? பொண்ணு நிவேதா இப்பதான் நர்சிங் ரெண்டாவது வருஷம் போறா."

"நான் உப்பளத்துல லோடு ஏத்தப் போறேன். நீ நூறு நாள் வேலைக்குப் போ."

"இந்த முதுக வச்சினு மூட்ட தூக்கப் போறீங்களா? போன மாசம் தண்ணிக் கொடம் தூக்குனதுக்கே மூணு நாளு சுவர புடிச்சினு நடந்தீங்க."

அவன் ஒரு கருவாட்டின் தலையைக் கிள்ளிப் போட்டான். சவுக்கு வைப்பது தவறு என்று வைஜெயந்தி எண்ணவில்லை. சென்ற மாதம் ஒன்றிய அலுவலகத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்கு அவள் சென்றிருந்தாள். செந்தமிழ் என்னும் இளம் வேளாண் அலுவலர், வாடல் நோய் கண்ட மண்ணில் நான்கைந்து ஆண்டுகளாவது தர்பூசணி கூடாது என்று தெளிவாகக் கூறியிருந்தாள். மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்த ஓய்வுக் காலத்தில் வீட்டு அடுப்பு எதனால் எரியும் என்பதே கேள்வி. ஒரு வீடு தனியாக அந்த நான்கு ஆண்டுகளைத் தாங்காது.

அதே கூட்டத்தில் அந்தப் பெண் வேறொன்றும் கூறியிருந்தாள். நோய்கண்ட கொடியை எருக்குழியில் போடாதீர்கள், கொளுத்திவிடுங்கள், எருவோடு சேர்ந்து நோயும் கொல்லைக்குத் திரும்பும் என்றாள். அதைக் கேட்டதும் வைஜெயந்திக்கு வேப்பமரத்தடி எருக்குழி நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி அவள் கணவனிடமும் பேசவில்லை.

புதன்கிழமை காலை அவள் பேருந்து ஏறி மரக்காணம் உப்பளத்துக்குச் சென்றாள். மழைக்கு முந்திய கடைசி உப்பு வாரல் நடந்துகொண்டிருந்தது. பாத்திகளில் வெயில் கண்ணைக் கூசச் செய்தது. பெண்கள் தலையில் கூடையோடு வரப்புகளில் வரிசையாக நடந்து, உப்பைக் குவியலில் கொட்டித் திரும்பினார்கள். அவர்களுள் சின்னப்பாப்பா என்பவள் பதினைந்து பேருக்குத் தலைவி. கொல்லை வேலைக்கும் ஆள் சேர்ப்பவள் அவளே. கால் விரலிடுக்குகளில் துணி சுற்றியிருந்தாள். உப்புநீர் அங்கேதான் முதலில் அரிக்கும்.

"ஏம்மா, உளுந்து புடுங்க ஆள் கேட்டு வந்திருக்கிறியா? இப்பவா?" என்று சிரித்தாள் சின்னப்பாப்பா.

"இப்ப இல்ல. தையில போட்டா பங்குனிக்கு வருவீங்களான்னு கேக்கத்தான்."

"வரமாட்டோம். முன்னாடியே சொல்லிடறேன். தையில அளத்துல சேறு மெதிக்க ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் இங்கதான். தெனம் கூலி கைக்கு வருது. அத வுட்டுட்டு உன் கொல்லையில வந்து முட்டி போடணுமா?"

"அப்ப எப்பதான் வருவீங்க?"

"மழ எறங்கட்டும். அளம் தண்ணியில முழுவிடும். கார்த்திக, மார்கழின்னா எங்களுக்கு வேலையே கெடையாது. ஊட்ல குந்திகினு புருஷன் மூஞ்சப் பாத்துனு இருக்கணும். அப்ப கூப்புடு, கும்பலா வர்றோம். கூலி கூட வேணாம். அஞ்சுல ஒண்ணு பங்கு குடு, உளுந்தாவே எடுத்துக்கறோம். இட்லிக்குக் கடையிலதான வாங்குறோம்?"

பக்கத்தில் நின்றவள், "ஒங்க ஊட்டு இட்லி கல்லு மாதிரி இருக்கும், அதுக்கு உளுந்து ஒரு கேடா?" என்றாள். சின்னப்பாப்பா கூடையை அவள் மேல் ஓங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வைஜெயந்தி பேருந்தில் திரும்பும்போது விரல்விட்டு எண்ணினாள். புரட்டாசி நடுவில் உளுந்து விதைத்தால் மார்கழித் தொடக்கத்தில் பிடுங்கலாம். மழையில் கொஞ்சம் போகும்; மணற்பாங்கான மேட்டு நிலம், நீர் தங்காது. பிடுங்கக் கூலி கையிலிருந்து போகாது. அப்படியானால் உளுந்து லாபம் தராவிட்டாலும் நட்டம் தராது. அதுவரை அவர்கள் ஆள் வராததைத்தான் வைது வந்தார்கள். நட்டத்துக்குக் காரணம் மாதம் என்பது அன்றுதான் அவளுக்குப் புலப்பட்டது. ஆயினும் உளுந்து மட்டும் ஒரு வீட்டைக் காக்காது. தர்பூசணி எங்கோ ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். அவளுடைய மண்ணில் அதற்கு இடமில்லை. வரப்புக்கு அப்பால் இருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் தேடிப் போக வேண்டிய தேவை ஏற்படவில்லை. பக்தவச்சலத்தின் மனைவி, அவளுடைய ஓரகத்தி பாஞ்சாலை தானாகவே வரப்பின் மேல் வந்து நின்றாள். பக்தவச்சலம் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டுக்கு அருகே ஒரு விடுதியில் தோட்டக்காரர். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தமையால் பாஞ்சாலை கிழக்குக் கொல்லையில் பாதியில்தான் தர்பூசணி வைத்தாள். அதுவும் இரண்டு ஆண்டுகளாகத்தான். ஒரு கொடியும் வாடியதில்லை.

"ஏ வைஜெயந்தி, சவுக்கு வைக்கிறீங்களாமே, மெய்யா?"

"நர்சரிக்காரன் எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி உனக்குச் சொல்லிட்டான் போல."

"எவன் சொன்னா இன்னா? சவுக்கு வளந்தா மத்தியானத்துக்கு மேல என் கொல்லைக்கு வெயிலே கெடையாது. வேரு வரப்பத் தாண்டி வந்து என் தண்ணியக் குடிக்கும். எட்டு வருஷம் கழிச்சி இப்ப வேர வுட்டு பாகம் கேக்குறீங்களா?"

"வேருக்குக் கல்லு நட்டுக் காட்ட முடியுமாக்கா? காட்டுனா கேக்கும்னா சொல்லு, நானே நடறேன்."

"வாய் மட்டும் கொறையல உனக்கு."

"வேற எல்லாந்தான் கொறஞ்சிப்போச்சே. குந்துக்கா, ஒண்ணு கேக்கணும்."

பாஞ்சாலை உட்காரவில்லை, எனினும் போகவும் இல்லை. வைஜெயந்தி ஒரு குச்சியை எடுத்து மணலில் ஒரு கட்டம் வரைந்து, நடுவே கோடு கிழித்தாள்.

"இது உன் மூணு, இது என் மூணு. பிரிச்சிப் பாத்தா உனக்கும் பத்தாது, எனக்கும் பத்தாது. ஆறுன்னு வையி. என் மூணுல சவுக்கு. நாலு வருஷம் மண்ணு படுத்துக் கெடக்கட்டும். வரப்புலருந்து இருபதடி வுட்டு வைக்கச் சொல்றேன், உன் வெயிலு உனக்கு. உன் மூணுல பாதி தர்பூசு, பாதி உளுந்து. அடுத்த வருஷம் மாத்திப் போடறது. உளுந்து புரட்டாசியில வெதச்சா மார்கழியில அளத்துக்காரங்க பங்குக்கே புடுங்குறாங்க, கேட்டுட்டேன். வேல பூரா நாங்க ரெண்டு பேரு. வர்றதுல பாதி உனக்கு, பாதி எங்களுக்கு."

"என் கொல்லையில வெளையறதுல உனக்குப் பாதியா?"

"நாலாம் வருஷம் சவுக்கு வெட்டும்போது அதுல பாதி உனக்கு. அப்பறம் உன் கொல்ல படுத்துக்கட்டும், என் கொல்ல எழுந்துக்கும்."

பாஞ்சாலை கோட்டை உற்றுப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மெல்லக் குந்தினாள்.

"வந்தா பாதி. வரலன்னா?"

"வரலன்னாலும் பாதி."

"உங்க மாமா இன்னா சொல்வாரோ" என்றாள் பாஞ்சாலை, தன் கணவனைக் குறித்து.

"மாமா எந்தக் காலத்துல உன்ன மீறிப் பேசனாரு?"

பாஞ்சாலை சிரித்துவிட்டாள். எட்டு ஆண்டுகளில் அந்த வரப்பின் மேல் கேட்ட முதல் சிரிப்பு அது. தனியாளாக மூன்று ஏக்கரில் களை வெட்டியும், கணவன் வரும் ஞாயிற்றுக்கிழமைக்காக வேலைகளைத் தேக்கிவைத்தும் அவள் சலித்துப்போயிருந்தாள். "இருபதடி போதாது, முப்பது வுடு" என்றாள். அது பேரம், பேரம் பேசுகிறவள் மறுக்கவில்லை என்பது வைஜெயந்திக்குத் தெரியும்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சொல்லாமல் விட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பாஞ்சாலை எழுந்து, "சரி, எரு வாரணும்ல, இந்த வருஷம் ஆடியில மழையில வுட்டுட்டோம், குழி ரொம்பிக் கெடக்குது" என்று வேப்பமரத்தைப் பார்த்தபோது வைஜெயந்தியின் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, அந்த எருவ உன் கொல்லையில போடாத."

"ஏன்?"

"வாடுன கொடியெல்லாம் அதுலதான் கொட்டுனேன். முந்தின வருஷம் கொஞ்சம். இந்தப் பங்குனியில பூராவும். நோயி எருவோட வரும்னு இப்பதான் ஆபீஸ்ல சொன்னாங்க. தெரியாம செஞ்சிட்டேன். போன வருஷம் ஆடியில நீ உன் பங்கு வேணாம்னுட்ட, நல்லவேள தப்பிச்ச. பூராவும் நாங்களே வாரி எறச்சிக்கிட்டோம்."

அவள் எதிர்பார்த்தது வசவு. பாஞ்சாலையின் நாக்கு ஊரறிந்தது.  ஆனால் பாஞ்சாலை குனிந்து, மணலில் இருந்த கட்டத்தைக் காலால் இலேசாகத் தேய்த்தாள்.

"நான் இந்த வருஷமும் வாரியிருக்கமாட்டேன். இப்ப சும்மா கேட்டுப் பாத்தேன், நீ சொல்றியான்னு" என்றாள்.

வைஜெயந்தி வேப்பமரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"உங்க மாமா வேல செய்யிற எடத்துல வாடுன செடி எதையும் குப்பையில சேக்க வுடமாட்டாங்களாம். எரிச்சிடுவாங்களாம். நீ கூடையில கொண்டாந்து கொட்டும்போது நான் பம்புசெட்டாண்ட நின்னுனு இருந்தேன்."

"பாத்துட்டுத்தான் வேணாம்னியா?"

"ஆமா."

"எரு மேல எரு கெடச்சிதுன்னு சந்தோஷமா வாரிப் போட்டனேக்கா. அக்காவுக்கு மனசு வந்துச்சி பாருங்கன்னு இவராண்ட கூட சொன்னேன். பங்குனியில வரிச வரிசையா படுத்துச்சி. நீ வரப்பு மேல நின்னு பாத்த. இன்னாடி இப்படி ஆயிடுச்சின்னு கேட்ட."

"கேட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"பேச்சு வார்த்த சரியா இல்லாத காலம். சொன்னா, பொறாமையில சொல்றா, எருவ பூரா அவளே எடுத்துக்கப் பாக்குறான்னுவ. இல்லன்னுவியா?" பாஞ்சாலை நிமிர்ந்து பார்த்தாள். பின்னர் குரல் தணிந்தது. "அதுவும் ஒரு காரணம். போவட்டும்னு இருந்ததும் ஒரு காரணம்."

வைஜெயந்தி கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டு நடந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் தான் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. வீட்டில் அடுப்பை மூட்டி, உலை வைத்து, அரிசி களைந்த நீரை மாட்டுக்கு ஊற்றினாள். கைகள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. மாலையில் தட்சணாமூர்த்தி வந்ததும் நடந்தவற்றைக் கூறினாள்.

அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். "அதுக்குத்தான் சொல்றேன். மூணு ஏக்கரும் சவுக்கு. அந்தப் பக்கம் தலைய திருப்பவே வேணாம். பிரிச்ச பாகத்த மறுபடியும் சேத்தா ஊரு சிரிக்கும்."

"கொல்ல வாடுனப்ப ஊரு அழுதுதா?"

"அவங்க பாத்துனு இருந்தாங்கன்னு நீதான சொல்ற. அவங்களோட சேந்து எப்படி வெத போடுவ?"

அவள் இரவு உலையை இறக்கினாள். கஞ்சியை வடித்துவிட்டு, "எனக்கும் தெரியல" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிறிய லாரியில் கன்றுகள் வந்தன. வேப்பமரத்து நிழலில் தட்டுத்தட்டாக இறக்கி, தண்ணீர் தெளித்தார்கள். விரல் நீளத்தில், மயிர் போன்ற பச்சை இலைகளோடு அவை காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. வானம் கிழக்கே கறுத்திருந்தது. தட்சணாமூர்த்தி வரப்பின் ஓரத்திலிருந்தே குழி போடத் தொடங்கினான். மூன்று குழிகள் போட்டிருப்பான். அப்போது பாஞ்சாலை வந்தாள். கையில் ஒரு கயிறும் நான்கு முளைகளும் இருந்தன. எவரையும் கேளாமல் வரப்பில் ஒரு முளையை அடித்து, கயிற்றை மேற்கே இழுத்துச் சென்று, முப்பதடியில் மற்றொன்றை அடித்தாள்.

"அண்ணி, இது இன்னா?" என்றான் தட்சணாமூர்த்தி.

"ஒன் பொண்டாட்டி சொன்ன கணக்கு. இருபதுன்னா, நான் முப்பதுன்னேன். இதுல பாதி கன்னு என்னுது, அதனால எங்க வைக்கணும்னு நானும் சொல்லலாம்." பின்னர் வைஜெயந்தியின் பக்கம் திரும்பினாள். "நான் நேத்து ராத்திரி அவருகிட்ட சொன்னேன். மொத தடவையா என்ன மீறிப் பேசனாரு. நீ செஞ்சது தப்புன்னாரு. போதுமா?"

தட்சணாமூர்த்தி வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். வைஜெயந்தி சிரிக்கவில்லை.

"போதாதுக்கா" என்றாள். "மாமா சொன்னது உங்க ஊட்டுக் கத. எனக்கு ஒண்ணு வேணும்."

"இன்னா?"

"இனிமே ஒரு கொடி வாடுனாலும், யாரு கண்ணுல மொதல்ல படுதோ, அவங்க நின்ன எடத்துலருந்தே கூப்புட்டுச் சொல்லணும். ஊரு கேட்டாலும் சரி. யோசிக்கக் கூடாது. சண்ட போட்டுனு இருந்தாலும் சொல்லணும்."

"சரி."

"எனக்கும் அதேதான். கொட்டுறதுக்கு முன்னாடி உன்னைக் கூப்புடுறேன்."

பாஞ்சாலை தலையசைத்தாள். தட்சணாமூர்த்தி தான் போட்ட மூன்று குழிகளையும் காலால் மூடிவிட்டு, கயிற்றுக்கு மேற்கே சென்று புதிதாகத் தொடங்கினான். வேளாண் அலுவலரைத் தொலைபேசியில் கேட்டார்கள். இந்த நோய் சவுக்கை அண்டாது என்றாள் செந்தமிழ். அதனால் குழியில் இருந்த எரு முழுவதையும் சவுக்குக் குழிகளுக்கே வாரிப் போட்டார்கள். இரு பெண்களும் கூடை சுமந்தார்கள்.  பிற்பகலில் மழை இறங்கியது.

புரட்டாசியில் கிழக்குக் கொல்லையின் தென்பாதியில் உளுந்து விதைத்தார்கள். கார்த்திகை மழையில் ஒரு மூலை நீரில் நின்று அழுகியது. மீதியைப் பிடுங்க மார்கழி முதல் வாரத்தில் சின்னப்பாப்பா பதினான்கு பேரோடு வந்தாள். உப்பில் வெளுத்த அவர்கள் கைகளுக்கு ஈரமண் இதமாக இருந்தது போலும். வேகமாக வேலை நடந்தது. தார்ப்பாயில் காயவைத்து அடித்து, தூற்றி, ஐந்தில் ஒரு பங்கை அவர்களுக்கு அளந்தார்கள். மீதி இரு வீட்டுக்கும் ஆண்டு முழுமைக்கும் போதும். விற்கவும் மூன்று மூட்டை இருந்தது. அதை லாபம் என்று எவரும் கூறவில்லை. நட்டம் என்றும் கூறவில்லை. அந்த நிலத்தில் உளுந்தைப் பற்றி அப்படிப் பேசப்படுவதே புதிது.

வடபாதியில் தர்பூசணி ஊன்றினார்கள். சென்ற ஆண்டு தர்பூசணி இருந்த இடம் அது என்று தட்சணாமூர்த்தி தயங்கினான். உளுந்து பிடுங்கிய தென்பாதியில் ஈரம் காயட்டும், அடுத்த ஆண்டிலிருந்து ஒழுங்காக மாற்றலாம் என்று மூவரும் உடன்பட்டார்கள். சிறு பிழைதான், தெரிந்தே செய்தார்கள். தையில் கொடி ஓடியது. மாசியில் காய் பிடித்தது. வைஜெயந்தி நாள்தோறும் காலையில் அடுத்தவர் நிலத்துக்குள் இறங்கும்போது செருப்பை வரப்பிலேயே கழற்றி வைத்தாள். தன் மண் அதில் ஒட்டியிருக்கும் என்பது அவள் அச்சம். நான்கு ஆண்டுகளுக்குத் தன் வீட்டுச் சோறு ஓரகத்தியின் கொல்லையில் இருக்கிறது என்னும் நினைவு சில நாள்களில் அவளை உறுத்தியது. சில நாள்களில் உறுத்தவில்லை. இடையில் இரண்டு முறை சண்டை வந்தது. ஒன்று தண்ணீர் முறைக்காக, மற்றொன்று பாஞ்சாலையின் ஆடு சவுக்கின் நுனியைக் கடித்ததற்காக. இரண்டாவது சண்டைக்குப் பிறகு ஐந்து நாள்களாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காய்க்கு வைக்கோல் போடுவதானாலும் ஒருத்தி வடக்கிலிருந்தும் ஒருத்தி தெற்கிலிருந்தும் தொடங்கினார்கள்.

ஆறாம் நாள் உச்சிவெயில். வைஜெயந்தி மேற்கே சவுக்குக் கன்றுகளுக்கு இடையே களை கொத்திக்கொண்டிருந்தாள். கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. சாலையில் உப்பு லாரி ஒன்று சென்றது. அதன் ஓசை அடங்கும் முன், கிழக்குக் கொல்லையின் நடுவிலிருந்து பாஞ்சாலையின் குரல் எழுந்தது. பனைமரங்களுக்கு அப்பால் இருந்த கொல்லைக்காரர்களும் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு அவள் கத்தினாள்.

"ஏ வைஜெயந்தி! ஒண்ணு படுத்துக்கிச்சிடி! கெணத்துப் பக்கத்துலருந்து நாலாவது வரிச! ஓடியா!"

வைஜெயந்தி களைக்கொத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.  ஒரு கொடியோ, நாற்பது கொடியோ, மாலைக்குள் தெரிந்துவிடும். வரப்பில் செருப்பைக் கழற்ற நின்றபோது அக்குரல் மறுபடியும் கேட்டது; இம்முறை இன்னும் உரக்க. ஊரே கேட்கட்டும் என்பது போல் இருந்தது.

"வந்துட்டேன்க்கா!" என்று அவளும் உரக்கக் கூவினாள். "கைய வைக்காத, தீப்பெட்டி எடுத்துனு வரேன்!"